காலியாக விட்ட கட்டம்

பிப்ரவரி 4

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று போனில் கேட்கலாம் என்றால் உன் சுரங்க முகாமில் சிக்னல் இல்லை, எனக்குக் குரல் இல்லை. ஆகவே கடிதம். முப்பத்தோரு வருஷம் பட்டறையில் லாக் புத்தகம் எழுதிய கை. அது இன்னும் நடுங்கவில்லை.

குரல்வளையை எடுத்த இடத்துத் தையல் ஆறிவிட்டது. கழுத்து ஓட்டை வழியாக மூச்சு விடுவதும் பழகிவிட்டது. தும்மல் வந்தால்தான் கை பழக்கத்தில் மூக்குக்குப் போகிறது, காற்று கழுத்துக்குப் போகிறது.

விஷயம் வேறு. வீட்டுக்கு ஒரு நாய் வந்திருக்கிறது. பட்டறையில் கூரை மாற்றுகிறார்கள், அங்கே சுற்றிய நாய்களையெல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்கள். என்னோடு வேலை பார்த்த கிரேன் ஆபரேட்டர் ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்து, "இது உங்க சத்தத்துல வளந்தது, ஃபோர்மேன். வேற யார் சொன்னாலும் கேக்காது" என்று விட்டுவிட்டுப் போனார். பெண் நாய், ஒன்றரை வயசு இருக்கும். பழைய பிரஷ் மாதிரி முடி. வால் கிரேன் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. குரைப்பதே இல்லை. நல்ல ஜோடி என்கிறாள் உன் அம்மா.

நான் ஆளைக் கூப்பிடக் கை தட்டுகிறேன். தட்டினால் உன் அம்மாவும் வருகிறாள், நாயும் வருகிறது. இரண்டு தட்டு உனக்கு, மூன்று தட்டு நாய்க்கு என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவள் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தட்டினா வர்றதுக்கு நான் என்ன நாயா? இனிமே நீங்க தட்டினா அதுதான் வரும்" என்றாள். சொன்னபடியே பத்து நாளாக வரவில்லை. குளியலறையிலிருந்து ஒரு துண்டு கேட்க வழியில்லாமல் ஈரக் காலோடு வீடு முழுக்க நடக்கிறேன்.

ஆகவே நாய்க்குப் பெயர் வேண்டும். நகராட்சி உரிமத்துக்கும் வேண்டுமாம். பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அங்கே இருக்கும் கிளார்க் முத்திரை குத்தமாட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா, எந்த எழுத்தில் தொடங்கும் சொல் எனக்குச் சுலபம் என்று ஒரு தாள் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். முதல் ஆறு மாதத்தில் புதுக் குரலைப் பழகாவிட்டால் பிறகு வருவது கஷ்டம் என்றும் சொன்னார். நீ படித்தவன், ஒரு பெயர் பார். அர்த்தம் இருக்க வேண்டும். வாய்க்கு வந்ததை வைக்கிற ஆள் இல்லை நான். இப்போது வாய்க்கு எதுவும் வருவதும் இல்லை.

ஹெல்மெட் போடு.

அப்பா


பிப்ரவரி 15

அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலத்தைத் தும்மல் வரைக்கும் தெரிந்துகொண்டேன்.

தாளைப் படித்தேன். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. புதுக் குரல் நுரையீரல் காற்றில் ஓடுவது இல்லை. வாயில் இருக்கும் காற்றை உணவுக்குழாய்க்குள் தள்ளி, அது திரும்பி மேலே வரும்போது சத்தமாக்க வேண்டும். க, ட, த, ப எல்லாம் வாயை அடைத்துத் திறக்கும் எழுத்துகள். அவையே காற்றை உள்ளே தள்ளிவிடும். ம, ந இரண்டும் மூக்கால் கசியும், வேண்டாம். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள்தான் எல்லாவற்றிலும் கஷ்டம், கடைசியில்தான் வரும். நீங்கள் வாழ்நாள் முழுக்க வீட்டில் கூப்பிட்ட "ஏய்", "இந்தா", "எங்க போய்த் தொலைஞ்சீங்க" மூன்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நாய் பெயரை முழுசாகக் கேட்பதில்லை, முதல் அடியைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரே வீட்டில் இரண்டு பேரை ஒரே எழுத்தில் கூப்பிடக் கூடாது. நீங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதால் அந்தத் தொல்லை நமக்கு இல்லை.

பெயர்கள்: கொக்கி, பட்டு, பிடி, தூது. இதில் கொக்கிக்கு நூற்றுக்கு நூறு. இரண்டே அசை. நடுவில் இன்னொரு க் இருப்பதால் காற்று இரண்டாம் தரமும் உள்ளே போகும். வாலும் பொருந்துகிறது, உங்கள் தொழிலும் பொருந்துகிறது. வேறு அர்த்தம் என்ன வேண்டும்?

ஆனாலும் சோதிக்காமல் முடிவெடுக்க வேண்டாம். ஒரு படிவம் போட்டு வைத்திருக்கிறேன். க, ட, த, ப. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம். பத்தடி தள்ளி நின்று சொல்லுங்கள். நாய் வந்ததா, காது திருப்பியதா, கண்டுகொள்ளவில்லையா என்று குறியுங்கள். ஒரு தரம் வந்தால் தற்செயல். இரண்டு தரம் வந்தால் சந்தேகம். மூன்று தரம் வந்தால்தான் ரீடிங். இங்கே வெடி வைத்த பாறை எவ்வளவு அதிர்ந்தது என்று அளப்பதற்கும் எனக்கு இதே விதிதான், நாய்க்காக மாற்ற முடியாது.

பயிற்சி வகுப்பு எப்படிப் போகிறது? அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

மகன்


மார்ச் 1

அன்பு மகனுக்கு,

நலமே. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

பட்டு என்று கூப்பிட்டால் இந்த நாயின் முடி அவமானப்படும். பிடி என்று தெருவில் சொன்னால் நாய் நிற்கும், போகிறவன் ஓடுவான். தூது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அனுப்ப எனக்கு ஆள் இல்லை.

க வேண்டாம். மற்ற மூன்றில் பார்.

வகுப்பு நடக்கிறது.

அப்பா


மார்ச் 9

அப்பாவுக்கு,

நலம். முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பட்டையை அம்மா போடுகிறாளா, அல்லது அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாளா?

க ஏன் வேண்டாம்? காரணம் எழுதாமல் ஒரு வரியில் அடித்துவிட்டீர்கள். கிரேன் ஃபோர்மேன் கொக்கியை வேண்டாம் என்பது, தையல்காரர் ஊசி வேண்டாம் என்பது மாதிரி. உங்கள் தாளிலேயே க முதலில் இருக்கிறது. எனக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், எண்ணே பேசட்டும்.

"வகுப்பு நடக்கிறது" என்பது பதில் இல்லை. வகுப்பு நீங்கள் போகாவிட்டாலும் நடக்கும்.

மகன்


மார்ச் 25

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம், அம்மா பட்டை போடுகிறாள். 12ஆம் தேதி எனக்கு எக்ஸ்ரே. விடியற்காலை போய் வரிசையில் நின்று திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். படத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். கவலைப்படாதே.

நீ கேட்ட படிவம் இதோடு இருக்கிறது. ட, த, ப மூன்றும் நன்றாக வந்திருக்கின்றன. எது வேண்டுமானாலும் வைக்கலாம். க கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். காரணம் கேட்டு மறுபடி எழுத வேண்டாம்.

வெடி வைக்கும்போது தள்ளி நில்.

அப்பா


ஏப்ரல் 3

அப்பாவுக்கு,

எக்ஸ்ரே சுத்தம் என்பதில் சந்தோஷம். படிவம் சுத்தமாக இருப்பதில்தான் எனக்குச் சந்தோஷம் இல்லை.

நேராகவே கேட்கிறேன். இது பொய்யா? ஒன்பது கட்டத்திலும் "வந்தது, வந்தது, வந்தது". ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே உட்காரலில் எழுதிய எழுத்து. ஒன்றரை வயசு நாய் ஒரு தரம்கூட எலி பார்த்து ஓடவில்லையா, படுத்துத் தூங்கவில்லையா? சுவிட்சு போட்டால்கூட ஒன்பது தரத்தில் ஒரு தரம் எரியாது. 12ஆம் தேதி காலை வீட்டுப் பின்கட்டில் "ட" சோதித்ததாகப் போட்டிருக்கிறீர்கள். அன்று விடியற்காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை எக்ஸ்ரே வரிசையில் நின்றதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே உறையில் வந்தன.

பாய்லர் அறையில் ஏணி ஏறாமல் கீழே உட்கார்ந்தபடியே கேஜ் ரீடிங் எழுதிய ஃபிட்டரை அன்று மாலையே கேட்டுக்கு வெளியே அனுப்பினீர்கள். எனக்குப் பத்து வயசு. சாப்பிடும்போது சொன்னீர்கள்: "தப்பா எழுதினவனைத் திருத்தலாம்டா. பாக்காமலே எழுதினவனை என்ன பண்றது?" அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நான் இன்றுவரை பிழைக்கிறேன்.

என்ன பண்ணுவது, நீங்களே சொல்லுங்கள்.

மகன்


மே 2

அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று நிஜமாகவே கேட்கிறேன்.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. இங்கே தபால் பை வாரம் இரண்டு தரம் வருகிறது. நானே போய்ப் பிரித்துப் பார்க்கிறேன். பை கொண்டுவரும் டிரைவர், "கல்யாணம் ஏதாவது கூடி வருதா சார்" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

போன கடிதத்தில் எழுதியது எதுவும் தப்பு இல்லை. எழுதிய விதம் தப்பாக இருக்கலாம். எனக்கு ஒரு விதம்தான் தெரியும். அது யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

நாய்க்கு ட, த, ப எதில் வேண்டுமானாலும் வையுங்கள். கேட்கமாட்டேன். ஆறு மாதம் முடிய இரண்டு மாதம்கூட இல்லை. அதை மட்டும் கேட்கிறேன்.

மகன்


மே 17

மகனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவும் நலம். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை, நீயும் இதைப் பற்றி அவளுக்கு எழுதாதே.

நீ பிடித்தது சரி. ஒன்பது கட்டத்தில் ஒன்றுகூட நான் பார்த்து எழுதியது இல்லை.

வகுப்புக்கு இரண்டே நாள்தான் போனேன். முதல் நாளே சோடா குடிக்கச் சொன்னார்கள். ஏப்பம் விட வேண்டுமாம். அந்த ஏப்பத்தைத்தான் பேச்சாக வளைக்க வேண்டுமாம். சாப்பாட்டில் ஏப்பம் விட்டான் என்று உன்னைத் தட்டோடு எழுப்பி விட்டவன் நான். இரண்டாம் நாள், ஐந்து பேர் நடுவில் என் வாயிலிருந்து அது வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் நல்ல மனசோடு தோளைத் தட்டினார். சிரித்திருந்தால்கூட மறுபடி போயிருப்பேன்.

வீட்டில் உன் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துப் பின்கட்டில் பத்தடி தள்ளி நின்று நாயிடம் "ப" என்றேன். முதல் தரமே சத்தம் வந்துவிட்டது. நாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தது, வேறு யாரோ நிற்கிறார்கள் என்று. என் சத்தத்தில் வளர்ந்த நாய்.

அதோடு நிறுத்திவிட்டேன். வகுப்பு நாளில் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க" என்று உன் அம்மா கேட்பாள். சிலேட்டில் ஏதாவது ஒரு எழுத்தை எழுதிக் காட்டுவேன். அவளும் தலையாட்டிக்கொள்வாள். பார்க்காமலே எழுதியது உனக்கு அனுப்பிய படிவம் மட்டும் இல்லை.

அந்த ஃபிட்டருக்கு நான் இரண்டாம் வாய்ப்பு கொடுக்கவில்லை. எனக்கு ஒன்று கொடு. காலிப் படிவம் இன்னொன்று அனுப்பு. க மட்டும் காலியாகவே இருக்கும். அந்த எழுத்து நாய்க்கு இல்லை.

அப்பா


மே 26

அப்பாவுக்கு,

நலம். படிவம் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் டீ கொட்டினாலும் பரவாயில்லை.

நானும் ஒரு ரீடிங்கை மறைத்திருக்கிறேன். உங்கள் ஆபரேஷனுக்கு வந்தபோது சுரங்கத்தில் அவசரம் என்று நாலாம் நாளே கிளம்பினேனே, ஒரு அவசரமும் இல்லை. இன்னும் ஆறு நாள் லீவு பாக்கி இருந்தது. நீங்கள் சிலேட்டில் "சாப்பிட்டாயா" என்று எழுதினீர்கள். அழித்துவிட்டு "பார்த்துப் போ" என்று எழுதினீர்கள். நீங்கள் கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். சிலேட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. ரயிலில் ஏறிவிட்டேன்.

நாய் பின்னால் திரும்பிப் பார்த்தது என்று எழுதியிருந்தீர்கள். அது தோல்வி இல்லை. பத்தடி தூரத்துக்குச் சத்தம் போய்ச் சேர்ந்திருக்கிறது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அதற்குப் புரிந்திருக்கிறது. அந்த யாரோ நீங்கள்தான் என்பது மட்டும்தான் பாக்கி. அது பழக்கம், நாய் கற்றுக்கொள்ளும்.

வகுப்புக்குப் போங்கள். சோடாவுக்கு நான் பொறுப்பு.

மகன்


ஜூன் 27

அன்பு மகனுக்கு,

சுகம். இந்த முறை ஒப்புக்கு எழுதவில்லை.

படிவம் அழுக்காக இருக்கும், பொறுத்துக்கொள். மேல் மூலையில் இருப்பது நாயின் கால். த வரிசையில் இரண்டாம் கட்டத்தில் "காக்காய்" என்று இருக்கிறதே, அது பெயர் இல்லை, அன்று அது ஓடிய திசை. ட எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ப வருகிறது. பதினேழு நாளில் முதல் ஐந்து நாள் நாய் எனக்குப் பின்னால்தான் பார்த்தது. ஆறாம் நாள் என் வாயைப் பார்த்தது. ஒன்பதாம் நாள் எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்தது. பத்தாம் நாள் வரவில்லை, எனக்கும் அன்று காற்று ஏறவில்லை. அப்புறம் மூன்று தரம் தொடர்ந்து வந்தது. உன் விதிப்படி ரீடிங்.

பெயர் வைத்துவிட்டேன். பட்டறையில் என் முதுகுக்குப் பின்னால் முந்நூறு பேர் என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீயும்தான், ஏழாம் வகுப்பில் உன் சிநேகிதனிடம் "எங்கப்பாதான் பட்டாசு" என்று பெருமை அடித்ததை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அர்த்தம் இருக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பெயருக்கான அர்த்தம் என்னிடம் இப்போது இல்லை. பெயர் சும்மா கிடந்தது. எடுத்து இதற்கு வைத்துவிட்டேன். பட்டாசு. ப இருக்கிறது, நடுவில் ட் இருக்கிறது. எனக்கு வராத ட, சொல்லுக்கு நடுவில் மட்டும் வந்துவிடுகிறது, ஏன் என்று நீ கண்டுபிடி.

நகராட்சியில் அதே கிளார்க். நாயின் பெயர் என்ன என்றார். சிலேட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. முதல் தரம் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தார். இரண்டாம் தரம் காதைக் கொடுத்தார். மூன்றாம் தரம் எழுதிக்கொண்டு, "குரைக்குமா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். முத்திரை குத்திவிட்டார்.

க பற்றி நீ மறுபடி கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

அப்பா


ஜூலை 19

என் கண்ணான தம்பிக்கு,

அம்மா ஆசீர்வாதம். நல்லா இருக்கியா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? முழங்கால் பரவாயில்லை. நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது, கோணலாக இருந்தால் சிரிக்காதே. இதை அப்பாவிடம் காட்டாமல் எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் எனக்குக் காட்டாமல் எழுதிக்கொண்டது மாதிரிதான். பெஞ்சில் உட்கார்ந்த கதை எனக்கு அப்போதே தெரியும். ஆஸ்பத்திரி எதிரில் இருக்கிற மருந்துக் கடையில்தானே எனக்கு முழங்கால் மாத்திரை வாங்குகிறேன். அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நாய் என் காலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அப்பா குளிக்கப் போயிருந்தார், வழக்கம்போல் துண்டை மறந்துவிட்டு. கை தட்டுவார், நாய் ஓடும், நான் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நின்றேன். தட்டவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷம். ஏய், இந்தா, அதுகூட இல்லாவிட்டால் தொண்டைச் செருமல். என் பெயர் கல்யாணப் பத்திரிகையிலும் வங்கிப் புத்தகத்திலும்தான் இருந்தது. எனக்கே மறந்துபோன மாதிரி. நீ போட்டுக் கொடுத்த படிவத்தை நானும் எட்டிப் பார்த்தேன், அதில் அவர் நிரப்பாமல் விட்டாரே ஒரு எழுத்து, என் பெயர் அதில்தானே தொடங்குகிறது. அதை நாய்க்கு வைத்திருந்தால் இன்று அதுதானே எழுந்து ஓடியிருக்கும். அது காதை மட்டும் ஒரு தரம் அசைத்துவிட்டு, நமக்கு இல்லை என்று மறுபடி படுத்துக்கொண்டது.

குரல் அழகாக இல்லை, தம்பி. தகரப் பெட்டிக்குள் யாரோ இருமுகிற மாதிரி இருந்தது. ஆனால் என் பெயர்தான், வேறு எதுவும் இல்லை.

துண்டு என் கையிலேயே இருந்தது. உடனே போயிருக்கலாம். போகவில்லை. கேட்காத மாதிரி நின்றேன். இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்போதும் நின்றிருப்பேன், ஆனால் அந்த மனுஷன் வெறுத்துப்போய்த் தட்டிவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது. ஓடிப்போய்க் கொடுத்தேன்.

அவருக்கு அத்தனை கஷ்டமான காரியம், நான் வேண்டுமென்றே நின்றேன். தப்புதானே? நீதான் எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறவன். சொல்.

அம்மா


ஜூலை 28

அம்மாவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன்.

தப்பு இல்லை. ஒரு தரம் என்றால் தற்செயல், இரண்டு தரம் என்றால் சந்தேகம். நீ அவசரப்பட்டு ஓடிவிட்டாய். அடுத்த முறை மூன்றாம் தரம் கூப்பிடும்வரை கொடிக்கு அடியிலேயே நில். அவர் ஏதாவது சொன்னால் விதி என்னுடையது என்று சொல். படிவத்தின் இன்னொரு பிரதி இதோடு இருக்கிறது. க வரிசையை நீயே நிரப்பி அனுப்பு. அதை நீதான் பார்த்து எழுத முடியும்.

பத்தாம் தேதி வருகிறேன். இந்த முறை லீவு முழுக்க இருப்பேன். பட்டாசைக் கட்டிப் போட வேண்டாம், என்னைப் பார்த்துக் குரைத்தால் குரைக்கட்டும்.

அப்பாவிடம் ஒன்று சொல். என் பெயர் உயிரெழுத்தில் தொடங்குகிறது. தாளில் அது கடைசி வரிசை. அவசரம் இல்லை.

மகன்